கிரீன் கார்டும் அரசு உதவியும்: எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஓர் அறிவுரை வெகுநாளாகச் சுற்றி வருகிறது. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை அரசாங்கத்திடம் எதையும் வாங்கிவிடாதே, வாங்கினால் ஃபைலில் ஏறிவிடும் என்பதே அது. சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு வரிசையில் நின்று சேர்த்த ஒன்றை, ஒரு மருத்துவ அட்டைக்காக யார் பணயம் வைப்பார்கள்? ஆனாலும் இந்த அத்தியாயம் அந்த அறிவுரையை ஏற்கவில்லை. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று பார்க்காமல் எல்லாருக்கும் எல்லா உதவிக்கும் நீட்டிவிடுவதில்தான் கோளாறு. சட்டம் ஒருவருக்கு எதிராகக் கணக்கில் எடுக்கும் உதவிகள் மிகச் சில. அரசுக்குச் சுமையாவாரா என்று பார்க்கும் குடியேற்றச் சோதனைக்கு உட்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அவற்றைப் பெறும் தகுதியே கிடையாது. அவற்றுக்குத் தகுதி உள்ளவர்களோ பெரும்பாலும் அந்தச் சோதனைக்கு உட்படுவதில்லை. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் சிறியது. அந்தச் சிறிய இடத்தில் கவனமாக நடக்க வேண்டும். மற்ற இடங்களில் பயப்படுவது வீண், சில வேளை ஆபத்தும்கூட.

சட்டத்தின் வேர் 1882இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய குடியேற்றச் சட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் பொதுச்சுமையாகிவிடக்கூடியவர்களைக் கரையிறங்கவிடாமல் தடுக்க வழி செய்தது. 'பப்ளிக் சார்ஜ்' என்ற அந்தப் பழைய சொல்தான் இன்றைய குடியேற்றச் சட்டத்திலும் நீடிக்கிறது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சட்டம் வரையறுக்கவில்லை. அதனால் காலத்துக்கு ஏற்றபடி அது விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கிறது. இந்தியர்களைத் தடுக்கத் தனிச் சட்டம் வருவதற்கு முன், 1910களில், சான் பிரான்சிஸ்கோ வந்திறங்கிய இந்தியத் தொழிலாளர்கள் பலரை ஏஞ்சல் தீவில் நிறுத்தித் திருப்பி அனுப்ப அதிகாரிகள் கையில் எடுத்தது இதே பிரிவைத்தான். போகிற ஊரில் வேலை குறைவு என்ற காரணத்தால் ஒருவரைப் பொதுச்சுமை என்று சொல்ல முடியாது, அவருடைய சொந்த நிலையைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1915இல் தீர்ப்பளித்தது. 1930இல், பெரும் பொருளாதார மந்தத்தின்போது, அதிபர் ஹூவரின் அரசு சட்டத்தில் ஒரு வரியையும் மாற்றாமல், விசா அலுவலகங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தல் வழியாகவே குடியேற்றத்தை வெகுவாகக் குறைத்தது. சட்டப் புத்தகத்தில் உள்ள சொல்லைவிட, அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவ்வப்போது வரும் விதியே முக்கியம் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

அந்த விதிகளில் மூன்றை அறிந்தால் போதும். 1999இல் வந்த வழிகாட்டுதல், உயிர்வாழ்வதற்கே பெரும்பாலும் அரசை நம்பியிருப்பவர்தான் பொதுச்சுமை என்றது. அதற்கு அடையாளமாக மாதாந்திர ரொக்க உதவியையும் அரசுச் செலவில் நீண்டகாலம் பராமரிப்பு இல்லத்தில் இருப்பதையும் மட்டும் எடுத்துக்கொண்டது. 2019 ஆகஸ்டில் வெளியாகி 2020 பிப்ரவரி 24இல் நடப்புக்கு வந்த விதி வலையை விரித்தது. ஃபுட் ஸ்டாம்ப், பெரியவர்களுக்கான மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தாருக்கான மருத்துவக் காப்பீடு), வீட்டு வாடகை உதவி ஆகியவற்றையும் சேர்த்து, எந்த 36 மாதத்திலும் மொத்தம் 12 மாதத்துக்கு மேல் வாங்கினால் அவர் பொதுச்சுமை என்றது. அது 2021 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. 2022 டிசம்பர் 23இல் நடப்புக்கு வந்த விதி, 1999இன் வரையறைக்கே திரும்பியது. அதன்படி கணக்கில் வருபவை: எஸ்.எஸ்.ஐ. எனப்படும் முதியோர், ஊனமுற்றோர் உதவித்தொகை, ஏழைக் குடும்பங்களுக்கான டானிஃப் ரொக்கம், மாநிலமோ கவுன்ட்டியோ தரும் இதே வகை ரொக்கம், அரசுச் செலவில் நீண்டகால நர்சிங் ஹோம் அல்லது மனநல இல்ல வாசம். ஃபுட் ஸ்டாம்ப், சாதாரண மெடிக்கெய்ட், குழந்தைகளுக்கான சிப் காப்பீடு, கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்குமான விக், பள்ளி மதிய உணவு, மார்க்கெட்பிளேஸ் காப்பீட்டுச் சலுகை, குழந்தை வரிச்சலுகை, வேலையிழப்புக் காப்பீடு, வெள்ளம் புயல் நிவாரணம் எதுவும் கணக்கில் வராது.

அடுத்தது, யாரைச் சோதிப்பார்கள் என்பது. வெளிநாட்டிலிருந்து விசா கேட்பவரையும், அமெரிக்காவுக்குள் இருந்தபடி கிரீன் கார்டுக்கு ஐ-485 போடுபவரையும் சோதிப்பார்கள். அகதியாக வந்தவருக்கும், புகலிடம் பெற்றவருக்கும், குடும்ப வன்முறைக்கோ ஆள்கடத்தலுக்கோ வேறு குற்றங்களுக்கோ ஆளானவர்களுக்கான தனி வழியில் விண்ணப்பிப்பவருக்கும் இந்தச் சோதனை கிடையாது. இலங்கைப் போரின் பிறகு அமெரிக்காவில் புகலிடம் பெற்ற தமிழர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். புகலிடம் பெற்ற ஒருவர், ஓராண்டுக்குப் பிறகு கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது எஸ்.எஸ்.ஐ. வாங்கிக்கொண்டிருந்தாலும் அது அவருக்கு எதிராகப் போகாது. சட்டமே விலக்கு அளிக்கிறது. கிரீன் கார்டைப் புதுப்பிக்கும்போதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும்கூட இந்தச் சோதனை இல்லை. எச்-1பி வேலை விசாவை அமெரிக்காவுக்குள் இருந்தபடி நீட்டிக்கும்போது உதவி வாங்கியதைக் காரணம் காட்டும் நிபந்தனையை 2019 விதி கொண்டுவந்தது; 2022 விதியில் அது இல்லை.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எச்-1பியில் இருக்கும் மென்பொருள் பொறியாளர் கிரீன் கார்டு கேட்கும்போது சோதனைக்கு உட்படுகிறார். அவருக்கு எஸ்.எஸ்.ஐ.யும் டானிஃபும் கிடைக்குமா? கிடைக்காது, 1996 ஆகஸ்டில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் தற்காலிக விசாக்காரர்களை அவற்றிலிருந்து விலக்கிவிட்டது. வாங்கவே முடியாத ஒன்றை வாங்கிவிட்டதாக யாரும் அவர்மேல் குறை சொல்லப்போவதில்லை. மறுபக்கம், கிரீன் கார்டு வந்து ஐந்தாண்டு கடந்தவருக்கு ஃபுட் ஸ்டாம்புக்கும் மெடிக்கெய்டுக்கும் தகுதி வரலாம். ஆனால் அவரை இனி யாரும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தப்போவதில்லை. இது வெறும் தர்க்கமாகத் தோன்றினால் அரசின் சொந்தக் கணக்கே சாட்சி. மூன்று விதிகளில் மிகக் கடுமையான 2019 விதியின்கீழ் முடிவான கிரீன் கார்டு விண்ணப்பங்கள் 47,555. அந்த விதியைக் காட்டி மறுக்கப்பட்டவை மூன்று. அந்த மூன்றும் பின்னர் மீண்டும் எடுக்கப்பட்டு ஏற்கப்பட்டன. இன்னும் இருவருக்கு மறுக்கப்போவதாக நோட்டீஸ் போய், அவையும் திரும்பப் பெறப்பட்டன. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2022 விதியை முன்மொழிந்தபோது தானே வெளியிட்ட எண்கள் இவை.

விதி தொட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்றால், அச்சம் தொட்டவர்கள் எண்ணற்றவர்கள். அர்பன் இன்ஸ்டிடியூட் 2018இல் எடுத்த ஆய்வில், குடியேறியோர் குடும்பத்துப் பெரியவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர், கிரீன் கார்டு வாய்ப்பு கெட்டுவிடுமோ என்று தாமோ குடும்பத்தாரோ ஏதோ ஒரு உதவியைத் தவிர்த்ததாகச் சொன்னார். 2019 விதி அப்போது நடப்புக்கே வரவில்லை. முன்மொழிவு என்ற பேச்சு மட்டும்தான் இருந்தது. 2016க்கும் 2019க்கும் இடையில் ஃபுட் ஸ்டாம்ப், மெடிக்கெய்ட் போன்றவற்றிலிருந்து குடியுரிமை இல்லாதவர்கள் விலகிய வேகம் குடிமக்கள் விலகியதைப்போல இரு மடங்கு என்று மைக்ரேஷன் பாலிசி இன்ஸ்டிடியூட் கண்டது. விக் சத்துணவையும் பள்ளி உணவையும் 2019 விதிகூடத் தொடவில்லை. அப்படியிருந்தும் விலகினார்கள். கர்ப்ப காலத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும், குழந்தையின் தடுப்பூசியைத் தவறவிடுவதும், சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்காமல் இருப்பதும் குடியேற்ற ஃபைலைக் காப்பாற்றவில்லை. பொதுச்சுமைச் சோதனை பார்க்கும் காரணிகளில் உடல்நலமும் ஒன்று என்பதை நினைத்தால், வைத்தியத்தைத் தள்ளிப்போட்டவர் அந்தச் சோதனைக்காகவே தன்னைப் பலவீனப்படுத்திக்கொள்கிறார் என்றும் சொல்லலாம்.

குடும்பத்தில் ஒருவர் வாங்கினால் எல்லார் தலையிலும் விழும் என்ற எண்ணம் இன்னொரு பெரிய குழப்பம். 2022 விதி இதில் தெளிவாக இருக்கிறது: விண்ணப்பிப்பவர் தானே பயனாளியாக இருந்து பெற்றதுதான் அவர் கணக்கு. பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாலும், பணம் பெற்றோர் கையில் வந்து பிள்ளைக்குச் செலவானாலும், அது பிள்ளையின் உதவி. இது அதிகம் உறைப்பது ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் வீட்டில். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் பெற்றோர், அமெரிக்காவில் பிறந்த தங்கள் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் மெடிக்கெய்ட் வழியாகக் கிடைக்கும் என்று தெரிந்தும் தயங்குகிறார்கள். அந்தப் பிள்ளை அமெரிக்கக் குடிமகன். அவனுக்கு எந்தக் குடியேற்றச் சோதனையும் இல்லை. அவன் பெறுவது பெற்றோரின் ஃபைலில் சேராது. அவன் பெயரில் எஸ்.எஸ்.ஐ.யே வந்தாலும் அப்படித்தான். இந்தியாவில் பிறந்து சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் வந்த பிள்ளையின் நிலை கொஞ்சம் வேறு, ஏனென்றால் அவனும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கிறான். அவனுக்கும்கூட, பள்ளி தரும் சிறப்புக் கல்வியோ, மெடிக்கெய்ட் வழியாக வீட்டுக்கு வந்து செய்யும் சிகிச்சையோ இந்த விதியில் கணக்கில் வராது. நிரந்தரமாக இல்லத்தில் சேர்த்துப் பராமரிப்பது மட்டுமே வரும். வளர்ச்சிக் குறைபாட்டில் மூன்று வயதுக்கு முன் தொடங்கும் பயிற்சிக்கு உள்ள பலன் பிறகு அதே அளவில் கிடைப்பதில்லை. கிரீன் கார்டு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இந்தியர்களின் வரிசையில் பொருந்தவே பொருந்தாது. அது வருவதற்குள் பிள்ளை உயர்நிலைப் பள்ளியை முடித்துவிடலாம்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். இன்றைய விதி இப்படி இருக்கலாம், நாளை மாறாதா? மாறலாம். மேலே சொன்ன வரலாறே அதற்குச் சாட்சி. 2025 நவம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2022 விதியை நீக்கிவிட்டு, வரையறையைத் திறந்துவைத்து அதிகாரிகளின் விருப்பத்துக்கு அதிக இடம் தரும் முன்மொழிவை வெளியிட்டது. இந்த மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது; கிரீன் கார்டு விண்ணப்பம் சில மாதங்களில் போடப்போகிற ஒருவர், ஃபுட் ஸ்டாம்போ மெடிக்கெய்டோ தன் பெயரில் புதிதாக வாங்குமுன் வழக்கறிஞரைக் கேட்பது நியாயமே. ஆனால் இதிலிருந்து 'எதையும் வாங்காதே' என்ற முடிவுக்குத் தாவ முடியாது. 2019 விதிகூட, அதுவரை கணக்கில் இல்லாத உதவிகளை, தான் நடப்புக்கு வந்த 2020 பிப்ரவரி 24க்கு முன் வாங்கியிருந்தால் எதிராக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விதியில்கூட 21 வயதுக்கு உட்பட்டோரின் மெடிக்கெய்டுக்கும் கர்ப்பிணிகளின் மெடிக்கெய்டுக்கும் அவசர சிகிச்சைக்கும் விலக்கு இருந்தது. நாளை வரக்கூடிய மோசமான விதியை மனத்தில் வைத்துத் திட்டமிடுவது வேறு. அந்த விதியே தொடாதவற்றையும் விட்டுக்கொடுப்பது வேறு. விண்ணப்பம் போடும் தேதியில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதைக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் பாருங்கள். பழைய வாட்ஸ்அப் செய்திக்கும் புதிய வாட்ஸ்அப் செய்திக்கும் ஒரே மதிப்புதான்.

வெளிநாட்டில் விசா கேட்பவர்கள் விஷயத்தில் அச்சத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அடிப்படை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து குடியேற்ற விசாவுக்குப் போகிறவருக்கு நேர்காணல் சென்னையில் நடப்பதில்லை, வழக்கமாக மும்பையில்; இலங்கையிலிருந்து போகிறவருக்குக் கொழும்பில். இந்த அலுவலகங்கள் வெளியுறவுத் துறையின் கையேட்டின்படி நடக்கின்றன. அந்தக் கையேடு 2018 ஜனவரியில் கடுமையாக்கப்பட்டபோது, பொதுச்சுமை என்று சொல்லி விசா நிறுத்திவைத்த முடிவுகள் 2016இல் ஆயிரத்தை ஒட்டியிருந்த நிலையிலிருந்து 2018இல் பதின்மூவாயிரத்தைத் தாண்டின. இவற்றில் பல, கூடுதல் ஆவணம் கொடுத்ததும் சரிசெய்யப்பட்டன என்றாலும் உயர்வு உண்மையானது. ஆனால் இந்த மனுதாரர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் வாழ்ந்ததே இல்லை. அவர்கள் எந்த உதவியையும் வாங்கியிருக்க வாய்ப்பில்லை. அதிகாரி பார்த்தது வயது, உடல்நலம், படிப்பு, சொத்து, முக்கியமாக ஸ்பான்சரின் வருமானம். ஆகவே மும்பைக்குப் போகிற பெற்றோருக்காகக் கவலைப்படும் மகனோ மகளோ, தாங்கள் ஃபுட் ஸ்டாம்ப் வாங்கினோமா என்பதைவிட ஸ்பான்சர் கையெழுத்திடும் ஐ-864 படிவம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதில் கவனம் வைப்பது பயனுள்ளது.

ஐ-864ஐப் பலர் ஒரு சம்பிரதாயக் கையெழுத்தாக நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். இது அரசோடு செய்யும் ஒப்பந்தம். வறுமைக்கோட்டு அளவின் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இரு பெற்றோரையும் அழைத்தால் ஆறு பேர். 2025இன் வறுமைக்கோடு ஆறு பேருக்கு 43,150 டாலர், அதன் 125 சதவீதம் சுமார் 53,940 டாலர். வருமானம் போதாவிட்டால் சொத்தைக் காட்டலாம், இன்னொரு ஸ்பான்சரையும் சேர்க்கலாம். இந்தக் கடமை, வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது கிரீன் கார்டைக் கைவிட்டு நாட்டைவிட்டே போகும்வரை, அல்லது இறக்கும்வரை நீளும். மனைவிக்காகக் கையெழுத்திட்டவருக்கு விவாகரத்தும் விடுதலை தராது. சிக்கல் இதில்தான். ஃபுட் ஸ்டாம்போ மெடிக்கெய்டோ பொதுச்சுமைக் கணக்கில் வராமல் போகலாம். ஆனால் ஸ்பான்சர் செய்யப்பட்டவர் அதை வாங்கினால், அந்தத் தொகையை ஸ்பான்சரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. அவசர சிகிச்சையும் பள்ளி உணவும் விக்கும் இதில் சேராது. இந்த உரிமையை அரசு அலுவலகங்கள் நெடுங்காலம் அதிகம் பயன்படுத்தவில்லை. 2019 மே மாதத்தில் கண்டிப்பாகப் பயன்படுத்தச் சொல்லும் ஆணை வந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. உரிமை மட்டும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

வயதான பெற்றோரை அழைக்கும் குடும்பங்கள் வேறு எதையும்விட மருத்துவக் காப்பீட்டைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். மகனோ மகளோ அமெரிக்காவில் எத்தனை ஆண்டு வேலை செய்திருந்தாலும், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு அந்த வேலைக் காலாண்டுகள் பெற்றோர் கணக்கில் ஏறாது. 65 வயது கடந்த பெற்றோர் ஐந்தாண்டு தொடர்ந்து கிரீன் கார்டோடு வாழ்ந்தபின் மெடிகேரை விலை கொடுத்து வாங்கலாம். 2025இல் பகுதி ஏக்கு மாதம் 518 டாலரும் பகுதி பிக்கு 185 டாலரும், ஒருவருக்கு. அதுவரை சந்தையில் காப்பீடு வாங்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே வருமானம் இருந்து, ஐந்தாண்டுக் காத்திருப்பால் மெடிக்கெய்ட் கிடைக்காதவர்களுக்கு முன்பு கிடைத்துவந்த மார்க்கெட்பிளேஸ் சலுகையை 2025 ஜூலையில் வந்த சட்டம் 2026 முதல் நீக்கிவிட்டது. பெற்றோரை வரிக் கணக்கில் தம்மைச் சார்ந்தவர்களாகக் காட்டும் குடும்பங்களில் கணக்கு வேறு மாதிரி வரும், ஏனென்றால் அங்கே பிள்ளையின் வருமானமே குடும்ப வருமானம். எஸ்.எஸ்.ஐ.யைப் பொறுத்தவரை, பெற்றோர் குடியுரிமை பெற்றபின் தகுதி வரலாம். அப்போது ஸ்பான்சரின் கடமையும் முடிந்திருக்கும். கிரீன் கார்டில் இருக்கும்போதே விண்ணப்பித்தால் பெரும்பாலும் தகுதியில்லை என்றே பதில் வரும்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் சோதனை இல்லை என்றதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அது குறிவைப்பதும் இந்தப் பெற்றோரைத்தான். தொடர்ந்து 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்புகிறவரைப் புதிதாக நுழைகிறவராகச் சட்டம் பார்க்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் ஆடி பிறந்தபின் திரும்பினால் கணக்கு தாண்டிவிடும். அப்போது பொதுச்சுமைக் கேள்வியும் எழலாம், கிரீன் கார்டைக் கைவிட்டுவிட்டாரா என்ற கேள்வியும் எழலாம். ரொக்க உதவி பெற்றுக்கொண்டிருக்கும் பெற்றோர் ஆறு மாதத்துக்குள் திரும்புவது நல்லது.

உதவி வாங்குவதைவிட, வாங்கும்போது சொல்லும் பொய் நூறு மடங்கு ஆபத்து. விண்ணப்பப் படிவத்தில் 'அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் அவசரத்தில் டிக் போட்டுவிடுவது, உறவினர் யாரோ சொன்னார் என்று முகவரியை மாற்றிக் கொடுப்பது, டூரிஸ்ட் விசாவில் வந்த கர்ப்பிணி அந்த மாநிலத்திலேயே வசிப்பதாகக் காட்டி மெடிக்கெய்ட் வாங்குவது, இவையெல்லாம் பொதுச்சுமைச் சட்டத்தின்கீழ் வருவதில்லை. அதைவிடக் கொடிய பிரிவுகளில் வரக்கூடும். தவறான தகவல் தந்து விசாவோ வேறு குடியேற்றப் பலனோ பெற முயன்றவருக்குத் தடை வாழ்நாள் முழுக்க. சிலருக்கு மட்டுமே மன்னிப்பு வழி உண்டு. உதவிக்காகத் தன்னைக் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னவருக்கு, 1996இன் சட்டப்படி, குடியேற்ற விண்ணப்பத்தில் அந்த வழியும் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. படிவத்தை நிரப்பித் தருகிறவர் மருத்துவமனை ஊழியராக இருந்தாலும் கையெழுத்து உங்களுடையது. ஒவ்வொரு கட்டத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை பார்க்கும்போதும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: வாங்கினாரா என்பதைவிட, தகுதியில்லாமல் பொய் சொல்லி வாங்கினாரா என்பது.

ஆவணமில்லாத ஒருவர் இருக்கும் வீட்டின் கவலை இன்னொரு வகை. மெடிக்கெய்ட் பதிவில் உள்ளவர்களின் விவரங்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுக்கப்பட்டது 2025 ஜூனில் வெளியே வந்து, பல மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. இந்தக் கவலைக்குப் பொதுச்சுமை விதியில் பதில் கிடையாது. அச்சம் வீண் என்று சொல்லித் தேற்றுவது நேர்மையும் ஆகாது. இதில் செய்யக்கூடியது இவ்வளவுதான்: பிள்ளைக்கு மட்டும் விண்ணப்பிக்கும் பெற்றோர் தம் குடியேற்ற நிலையைச் சொல்ல வேண்டியதில்லை, தமக்காக விண்ணப்பிக்கவில்லை என்று குறித்தால் போதும். வருமான விவரம் மட்டும் தர வேண்டும். முகவரி கொடுப்பதே ஆபத்து என்று நினைக்கிற நிலையில் இருப்பவர், விண்ணப்பிக்குமுன் வழக்கறிஞரோடு பேச வேண்டும்.

அரசு உதவி வாங்குவது கௌரவக் குறைச்சல், உழைத்துச் சாப்பிட வந்தோம் என்ற மறுப்பையும் தமிழ் வீடுகளில் கேட்கலாம். அது அவரவர் மனம். அதில் தலையிட இந்த நூலுக்கு வேலையில்லை. ஆனால் சட்டக் கேள்வியை மானக் கேள்வியோடு கலக்கக் கூடாது. வேலையிழப்புக் காப்பீடு முதலாளி கட்டிய வரியிலிருந்து வருகிறது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் சம்பளத்தில் பிடித்த பணத்திலிருந்து வருகிறது. வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறவர் தாராளமாகச் சொல்லட்டும், ஆனால் கிரீன் கார்டு போய்விடும் என்ற பொய்க் காரணத்தைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். அவர்கள் அதை நம்பி வளர்ந்து, தங்களுக்கு உண்மையாகவே தேவைப்படும்போது கேட்கத் தயங்குவார்கள்.

விண்ணப்பத்துக்குத் தயாராகிறவர்கள் ஒரு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த உதவி, யார் பெயரில், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, நிறுத்தியிருந்தால் நிறுத்திய கடிதம். ஐ-485இல் பொதுச்சுமைக் கேள்விகள் இப்போது நேரடியாகவே கேட்கப்படுகின்றன. கணக்கில் வரும் ரொக்க உதவி ஏதாவது வாங்கியிருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். 2022 விதியின்படி அதிகாரி தொகை, காலம், எவ்வளவு அண்மையில் என்பதோடு வயது, வேலை, படிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பழைய உதவி ஒன்று மட்டும் முடிவைத் தீர்மானிக்காது, இப்போதுள்ள வேலையும் சம்பளமும் அதை மிஞ்சிவிடலாம். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் உதவியை அவசரத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு யோசிப்பது தவறான வரிசை. குறிப்பாக மெடிக்கெய்ட் வழியாக மருந்து வாங்குகிறவர், நிறுத்துமுன் ஆலோசனை கேட்க வேண்டும். ஆலோசனை என்றால் குடியேற்ற வழக்கறிஞர், அல்லது நீதித்துறை அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி. டிராவல் ஏஜென்டும் வரி கணக்குப் போட்டுத் தருகிறவரும் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். சந்திக்கப் போகும்போது எந்த விசாவில் வந்தீர்கள், விண்ணப்பம் எந்தப் பிரிவில், யார் ஸ்பான்சர், வீட்டில் யார் யாருக்கு என்ன உதவி என்ற நான்கையும் எழுதி எடுத்துப்போனால், ஒரு மணி நேரக் கட்டணத்தில் அரை மணி நேரத்தை விளக்கம் சொல்வதில் இழக்க வேண்டியிருக்காது.